நோய் அறிகுறி இல்லாதவருக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எதைச் சொல்லும்?

'ஃபுல் பாடி ஸ்கேன்' என்ற பேச்சு இப்போது எங்கும் அடிபடுகிறது. ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பரிசோதனையைச் சொல்வதில்லை. லேப்களில் விற்கும் 'ஃபுல் பாடி செக்கப்' பெரும்பாலும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளின் தொகுப்பு. அதில் ஸ்கேனே இருக்காது. சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. பெட் சி.டி.யில் கதிரியக்க மருந்தை ஊசி வழியாகச் செலுத்திப் படம் எடுப்பார்கள்; பெரும்பாலும் புற்றுநோய் உறுதியானவர்களுக்கு அது எந்த அளவு பரவியிருக்கிறது என்று பார்க்க. முழு உடல் எம்.ஆர்.ஐ. இவை மூன்றிலும் சேராதது.

இதைப் பரவலாகப் பேசவைத்தது அமெரிக்கச் சந்தை. பிரெனுவோ என்ற நிறுவனத்தின் ஸ்கேனை 2023 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்டாஷியன் இன்ஸ்டாகிராமில் பாராட்டி எழுதினார். அப்போது அங்கே அந்த ஸ்கேனுக்குச் சுமார் 2,500 டாலர். நம் ஊர் ஸ்கேன் மையங்களிலும் இதே பெயரில் தொகுப்புகள் வந்துவிட்டன. "கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, தலை முதல் கால் வரை பார்த்துவிடலாம், பிறகென்ன தயக்கம்?" என்பதுதான் விளம்பரத்தின் வாதம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதுதான் சிக்கலானது. ஏன் என்று புரிய, இந்த இயந்திரம் உடலில் எதைப் படிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

படம் எப்படி உருவாகிறது?

நம் உடல் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர். தண்ணீரில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு நுண்ணிய காந்தம்போல நடந்துகொள்ளும். சாதாரணமாக இந்தக் குட்டிக் காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் கிடக்கும். எம்.ஆர்.ஐ. குழாயின் காந்தம் பொதுவாக 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா வலிமை கொண்டது. டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. அதற்குள் படுத்ததும் அந்த அணுக்கருக்களில் ஒரு சிறு பங்கு கூடுதலாக ஒரே திசையில் அணிவகுக்கும்.

அப்போது ஒரு ரேடியோ அலையைச் செலுத்துகிறார்கள். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அதன் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலிக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். மரபணுவை உடைக்கும் ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது. 'கதிர்வீச்சு ஆபத்து இல்லை' என்பதற்குக் காரணம் இதுதான். அலை பட்டதும் அணுக்கருக்கள் சாய்கின்றன. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது அவை வெளியிடும் மெல்லிய சமிக்ஞையைத்தான் உடல்மேல் வைக்கும் காயில் என்ற ஆன்டெனா பிடிக்கிறது.

எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. கொடியில் ஒரு மெல்லிய வாயில் புடவை, ஒரு துண்டு, ஒரு ஜீன்ஸ் மூன்றையும் சேர்த்துக் காயப்போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உடனே தொட்டால் மூன்றும் ஈரம். மாலையில் தொட்டால் மூன்றும் உலர்ந்திருக்கும். இடையில் சரியான நேரத்தில் தொட்டால்தான் புடவை காய்ந்தது, துண்டு ஈரப்பதம், ஜீன்ஸ் சொதசொத என்று வித்தியாசம் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான் நேரம் பார்த்துத் தொடுகிறது. எந்த நேரத்தில் சமிக்ஞையைப் பிடிப்பது என்ற கட்டளைத் தொகுப்புக்கு சீக்வென்ஸ் என்று பெயர். டி1 என்ற சீக்வென்ஸில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். டி2வில் நீர் வெளுப்பாகத் தெரியும். வீக்கம், நீர்க்கட்டி, பல வகைக் கட்டிகள் எல்லாம் அதில் பளிச்சிடும்.

முழு உடல் பரிசோதனையின் உயிர்நாடி டிஃப்யூஷன் என்ற சீக்வென்ஸ். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அது அளக்கும். புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கியடித்து இருப்பதால் நீர் நகர இடம் குறைவு; அந்த இடம் வெளுத்துத் தெரியும். ஆனால் சீழ்க்கட்டியும் வெளுக்கும். இயல்பான மண்ணீரலும் நல்ல நிலையில் உள்ள நிணநீர் முடிச்சுகளும்கூட வெளுக்கும். 'இங்கே நீர் நெருக்கமாக அடைபட்டிருக்கிறது' என்பது மட்டுமே படம் தரும் தகவல். அது என்ன நோய், நோய்தானா என்பது படத்தில் எழுதியிருக்காது.

சுருக்கமாக: எம்.ஆர்.ஐ. படிப்பது நீரையும் கொழுப்பையும். நோயின் பெயரை அது படிப்பதில்லை. வெளுப்பாகவோ கறுப்பாகவோ தெரியும் ஓர் இடத்துக்கு அர்த்தம் கொடுப்பது ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட். அதற்கு அவருக்கு உங்கள் வயது, அறிகுறி, குடும்ப வரலாறு எல்லாம் தேவை.

அகலம் அதிகம், ஆழம் குறைவு

மூளைக்கு மட்டும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இருபது முப்பது நிமிடம் ஆகும். கல்லீரலுக்கு மட்டும் எடுத்தாலும் ஏறத்தாழ அரை மணி. முழு உடலையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் எங்கேயாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். படத் துண்டுகளைத் தடிமனாக எடுக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல். ஒவ்வோர் உறுப்புக்கும் சீக்வென்ஸ்களைக் குறைக்கிறார்கள். காடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசியைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். ஆரோக்கியமானவருக்கு அந்த ஊசியைத் தவிர்ப்பது சரியான முடிவுதான். ஆனால் அது இருந்தால் மட்டுமே தெளிவாகும் விஷயங்கள் தெளியாமலே போகும். தலை முதல் தொடை வரை எடுத்த படம், ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி எம்.ஆர்.ஐ. எடுத்ததற்குச் சமமாகாது. பணம் கட்டுகிறவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் சில இடங்களில் இந்த இயந்திரத்துக்கு இயல்பாகவே பார்வை மங்கல். நுரையீரல் முழுக்கக் காற்று, நீர் குறைவு. சிறு முடிச்சுகள் தப்பிவிடும். நீண்டகாலம் புகைபிடித்தவருக்கு அதைப் பார்க்கக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.தான் ஏற்றது. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சிகளை, கேமரா குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி பார்க்கும், எடுக்கவும் செய்யும். முழு உடல் எம்.ஆர்.ஐ. பார்க்காது. மார்பகத்துக்கு மேமோகிராம் என்ற எக்ஸ்ரே தனி. இதயம் துடித்துக்கொண்டே இருப்பதால் அதன் ரத்தக்குழாய் அடைப்பு இந்த ஸ்கேனில் தெரியாது. நம் மாநிலத்தில் நடுத்தர வயதினரைச் சாய்ப்பதில் முன்னிற்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எந்தப் படத்திலும் தெரியாது. ஒரு பி.பி. கருவியும் ஒரு துளி ரத்தமும் போதும் அவற்றுக்கு. வாய்ப் புற்றுநோயைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும்.

ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும்

எதையோ தேடும்போது, அல்லது எதையும் தேடாதபோது, எதிர்பாராமல் கண்ணில் படும் ஒன்றுக்குத் தற்செயல் கண்டுபிடிப்பு என்று பெயர். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, கல்லீரலில் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய் முடிச்சு, தைராய்டில் ஒரு கட்டி, முதுகெலும்பில் பிதுங்கிய தட்டு. வயதோடு வரும் நரையைப்போலச் சாதாரணமானவை இவற்றில் பல.

அறிகுறியே இல்லாத 5,373 பேரை உள்ளடக்கிய 12 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் சுமார் 32 சதவீதம் பேருக்கு 'கவனிக்க வேண்டியது' அல்லது 'இன்னதென்று சொல்ல முடியாதது' ஏதாவது ஒன்று இருந்தது. மூன்றில் ஒருவர். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தண்டுவடத் தட்டு தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 45 வயதுக்கு மேற்பட்ட 2,000 பேரின் மூளையைப் பார்த்ததில் 1.8 சதவீதம் பேருக்கு அனீரிசம், அதாவது ரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு புடைப்பு, இருந்தது.

இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிறிய அனீரிசங்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க வெடிப்பதே இல்லை. அதை அடைக்கும் சிகிச்சையிலோ பக்கவாத ஆபத்து உண்டு. ஆகவே மருத்துவர் பல நேரம் "இப்போதைக்குத் தொட வேண்டாம், ஒரு வருடம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்பார். மருத்துவப்படி அது சரியான முடிவு. அந்த ஒரு வருடம், ஒவ்வொரு தலைவலிக்கும் அந்த மனிதரும் அவர் வீட்டாரும் பயந்துகொண்டே இருப்பார்கள். இந்தச் சுமையை விளம்பரம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது, தவறான எச்சரிக்கை. நோய் இல்லாதவரை 'இருக்கலாம்' என்று ஸ்கேன் காட்டுவது. இதை ஒரு மாதிரிக் கணக்கால் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. அறிகுறியில்லாத 1,000 பேரில் 10 பேருக்கு மறைந்த நோய் இருக்கிறது. ஸ்கேன் நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும் என்று கொள்வோம். அப்படியானால் 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் 99 பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 108 பேருக்கு எச்சரிக்கை. உண்மையில் நோய் உள்ளவர் 9 பேர். அதாவது பன்னிரண்டு பேருக்கு ஒருவர். இதே இயந்திரத்தை, நோய் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி உள்ளவர்களிடம் வைத்தால், எச்சரிக்கை பெறும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நோய் உண்மையிலேயே இருக்கும். இயந்திரம் மாறவில்லை, யாருக்கு எடுத்தோம் என்பதுதான் மாறியது.

சுருக்கமாக: ஸ்கேனுக்கு முன்பே நோய் இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் ஸ்கேன் முடிவுக்கு மதிப்பு. கேள்வியோடு போனால் அது நல்ல பதில் தரும். கேள்வியே இல்லாமல் போனால் அது புதுக் கேள்விகளைக் கொடுத்து அனுப்பும்.

'சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே?'

இந்த வாதத்தை எதிர்கொள்வது கடினம், ஏனென்றால் சில நோய்களுக்கு இது முழு உண்மை. எல்லா நோய்களுக்கும் உண்மை என்று நினைப்பதில்தான் பிழை.

ஒருவருக்கு 65 வயதில் வலி வந்து நோய் தெரிந்து 68இல் இறக்கிறார். அவரே 60இல் ஸ்கேன் எடுத்து நோயைக் கண்டுபிடித்து, அப்போதும் 68இல்தான் இறக்கிறார் என்றால், 'நோய் தெரிந்தபின் எட்டு ஆண்டு வாழ்ந்தார்' என்று கணக்கு காட்டும். வாழ்நாள் ஒரு நாளும் கூடவில்லை. நோயாளியாக வாழ்ந்த காலம் மட்டும் கூடியது. இதற்கு முன்தேதி மயக்கம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். 'ஸ்கேனால் உயிர் பிழைத்தேன்' என்ற கதைகளைக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். அந்தக் கதைகள் பொய் என்று சொல்லவில்லை. ஒரு தனிக்கதையை வைத்து இரண்டில் எது நடந்தது என்று பிரித்தறிய முடியாது.

இன்னொன்று மிகைக் கண்டறிதல்: வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திருக்காத ஒன்றை நோயாகக் கண்டுபிடிப்பது. தென் கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்துக்கு அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக் கொடுத்தன. 1993ஐ ஒப்பிட 2011இல் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 15 மடங்காகியது. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர் விகிதம் அசையவே இல்லை. நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லாருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைச் சீராக்கும் சுரப்பி பாதிக்கப்பட்டது, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் மருத்துவர்களே சேர்ந்து எதிர்க்குரல் கொடுத்தபின் ஒரே ஆண்டில் அந்த அறுவை சிகிச்சைகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. அல்ட்ராசவுண்டிலும் கதிர்வீச்சு கிடையாது, வலி கிடையாது. தீங்கு வந்தது படத்துக்குப் பிறகு நடந்தவற்றால்.

பரிசோதனை உயிரைக் காத்ததற்குச் சான்று வேண்டுமா? அது திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுப்பு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். பரிசோதனை இல்லாத பகுதிகளோடு ஒப்பிட்டபோது கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்து இறப்பைக் குறைத்ததாக இப்படியொரு சான்று இல்லை. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2023 ஏப்ரலில் சொன்னதும் இதுதான்: அறிகுறியோ ஆபத்துக் காரணியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு முழு உடல் பரிசோதனையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை. ஸ்கேன் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் அமைப்பு இப்படிச் சொல்வதற்கு எடை அதிகம் என்றே நினைக்கிறோம்.

யாருக்கு உண்மையிலேயே உதவும்?

லி-ஃப்ரௌமேனி என்ற பரம்பரை நிலை ஒன்று உண்டு. டிபி53 என்ற மரபணுவில் பிழை. சிறுவயதிலிருந்தே பல உறுப்புகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். இவர்களுக்கு ஆண்டுதோறும் முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பதே மருத்துவ வழக்கம். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் எந்தெந்த எலும்புகள் பாதிக்கப்பட்டன என்று பார்க்கவும் இது முக்கியக் கருவி. குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால் நேராக ஸ்கேன் மையத்துக்குப் போகாமல் முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிராக்கா மரபணுப் பிழை இருந்தால், தேவைப்படுவது மார்பகத்துக்கென்றே கான்ட்ராஸ்டோடு எடுக்கும் எம்.ஆர்.ஐ.; முழு உடல் ஸ்கேன் அதற்கு ஈடாகாது.

எடுப்பதென்று முடிவு செய்தால்

மையத்தைத் தேர்வு செய்யும்போது கேளுங்கள்: ஸ்கேன் மொத்தம் எத்தனை நிமிடம்? டிஃப்யூஷன் சீக்வென்ஸ் உண்டா? படிக்கப்போகும் ரேடியாலஜிஸ்ட் முழு உடல் எம்.ஆர்.ஐ. வழக்கமாகப் படிப்பவரா? ரிப்போர்ட்டை யார் உட்கார்ந்து விளக்குவார்கள்? படங்களை டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான டிஜிட்டல் கோப்பு வடிவில் தருவார்களா? இதில் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஃபிலிம் ஷீட்டை வைத்து அடுத்த மருத்துவர் சரியாக ஒப்பிட முடியாது. டைகாம் கோப்பு இருந்தால் மூன்று ஆண்டுக்குப் பிறகும் 'இது அப்போதே இருந்தது, வளரவில்லை' என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியே, திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிகள் பலவற்றைத் தவிர்க்கும்.

காய்ச்சலோ தொற்றோ ஆறிய கையோடு, அல்லது தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்குள் போகாதீர்கள். நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருக்கும். வீண் சந்தேகம் வரும். வயிற்றுப் படத்துக்காக நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வது வழக்கம்.

பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி, கண்ணுக்குள் இரும்புத் துகள் இவை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெல்டிங், லேத் வேலை பார்த்தவர்களுக்குக் கண்ணில் துகள் இருப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். ஸ்டென்ட், மூட்டு மாற்று போன்றவை பெரும்பாலும் தடையில்லை. ஆனாலும் உள்ளே பொருத்திய கருவியின் விவரம் உள்ள இம்பிளான்ட் அட்டையைக் கொண்டுபோங்கள்.

நகையில்தான் வாக்குவாதம் வரும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் ரேடியோ அலை எந்த உலோகத்திலும் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சூடாக்கும். வளையமாக இருந்தால் இன்னும் அதிகம். வெள்ளி அரைஞாண், மெட்டி, வளையல், தாலிச்சரடு எல்லாம் இதில் அடக்கம். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்றைக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனால் போதும். சரிகைத் துணியும் உலோக இழை கலந்த உடற்பயிற்சி உடையும் வேண்டாம். உள்ளே கைகளைக் கோத்துக்கொண்டோ தொடைகள் ஒட்டியோ படுத்தாலும் உடலே ஒரு மின்வளையமாகித் தோல் சுடலாம். அதனால்தான் இடையில் பஞ்சு அட்டை வைப்பார்கள், அதை எடுத்துப்போடாதீர்கள். சூடாக உணர்ந்தால் கையில் கொடுத்திருக்கும் ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள்.

உடன் வருகிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதை விளக்குபோல அணைத்துவைக்க முடியாது. 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன உறவினர் ஒருவர் காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். சாவி, போன், வீல்சேர் எதையும் கேட்காமல் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

உள்ளே தட்டும் இரைச்சல் பலமாக இருக்கும். காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் சுருள்கள் அதிர்வதால் வரும் சத்தம் அது, காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். வயிறு, மார்புப் படங்களுக்கு 15, 20 நொடி மூச்சை அடக்கச் சொல்வார்கள். அதில் அசைந்தால் கல்லீரல் படம் கலங்கி, 'தெளிவாகத் தெரியவில்லை' என்ற வரி ரிப்போர்ட்டில் ஏறும். அதற்காக இன்னொரு ஸ்கேன் வரும்.

ரிப்போர்ட் வந்தபின்

முழு உடல் எம்.ஆர்.ஐ.யில் தெரிவது புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ஓன்கோ-ராட்ஸ் என்ற 1 முதல் 5 வரையிலான தரவரிசை 2021இலிருந்து இருக்கிறது. 1 என்றால் இயல்பு, 2 என்றால் தீங்கற்றது, 5 என்றால் புற்றுநோய்க்குப் பெரிதும் வாய்ப்பு. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 'கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்' என்ற வரியைப் பார்த்துப் பதற வேண்டாம்; 'நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் இதை அவருடைய உடல்நிலையோடு பொருத்திப் பாருங்கள்' என்று மட்டுமே அதற்குப் பொருள். அந்த மருத்துவர் யார் என்பதை ஸ்கேனுக்கு முன்பே முடிவு செய்துவைப்பது நல்லது. ரிப்போர்ட்டோடு ஒவ்வொரு ஸ்பெஷலிஸ்டாக அலைந்தால் ஒவ்வொருவரும் தம் உறுப்புக்கு ஒரு பரிசோதனை எழுதுவார்கள்.

எல்லாம் இயல்பு என்று வந்தால், அந்தத் தேதியில் அந்தத் தடிமன் துண்டுகளில் எதுவும் தெரியவில்லை என்றுதான் பொருள். மேமோகிராம், கருப்பை வாய்ப் பரிசோதனை, பி.பி., சர்க்கரை எதையும் அது ரத்து செய்யாது. ஸ்கேன் எடுத்து இரண்டே மாதம் ஆனாலும் சரி, மலத்தில் ரத்தம், ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத எடைக்குறைவு, மார்பில் தட்டுப்படும் கட்டி இவற்றில் ஒன்று வந்தால் 'இப்போதுதான் முழு உடலும் பார்த்தோமே' என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.